பூசாத செம்பு

ஆறு தையல் மெஷின்களையும் இறக்கிவிட்டு, வெட்டுமேசையை மட்டும் லாரியிலேயே வைத்துக் கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டினான் அவள் அண்ணன்.

"மொதல்ல ஓடட்டும். ஓடலேன்னா ஆறையும் திரும்ப ஏத்தணும். மேசையையும் சேர்த்து ஏத்த என் இடுப்பு ஒத்துக்காது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மின்கம்பங்கள் கீழே, பாதை திரும்பும் இடத்தோடு நின்றுவிட்டன. மேட்டிலிருக்கும் இந்த வீட்டுக்கு லைன் இழுக்க வழியில்லை என்று மின்வாரியத்தில் கைவிரித்துவிட்டார்கள். அதனால் ஆறு வருஷமாக வார நாட்களில் அவள் நகரத்தில் ஒரு வாடகை அறையில் மெஷின்களோடு இருந்தாள். கணவனும் மகளும் இங்கே. சனிக்கிழமை பஸ் ஏறி வருவாள், திங்கட்கிழமை கிளம்பிவிடுவாள். மகளுக்கு முதல் பல் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் அதைச் சனிக்கிழமை பார்த்தாள், தீப்பெட்டிக்குள்.

இன்றும் திங்கட்கிழமைதான். காலையில் பள்ளிக்குக் கிளம்பிய மகள் செருப்பை மாட்டிக்கொண்டே, "சாயந்திரம் இருப்பியாம்மா?" என்றாள். "பார்க்கலாம்டி" என்றுதான் சொல்ல முடிந்தது. அறையின் சாவி அவள் புடவைத் தலைப்பில் முடிந்திருந்தது. சாயந்திரத்துக்குள் சாவி வந்தால் அறை வேறு ஆளுக்கு என்று வீட்டுக்கார அம்மா சொல்லியிருந்தாள். கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

கணவன் பெயிண்டர். பெயிண்ட் டப்பாவைத் தவிர வேறெதையும் திறந்து பார்க்காதவன், இரண்டு வருஷமாக சோலாரைக் கட்டிக்கொண்டு அழுதான். வீட்டுக்குப் பின்னால் இரண்டு வரிசையில் இருபத்திநான்கு பேனல்கள். பக்கத்து அறையில் மேல் தட்டில் எட்டு, கீழ்த் தட்டில் எட்டு என்று பதினாறு பேட்டரிகள். அந்த அறையைப் பார்த்தால் யாருக்கும் அங்கே குடியேறலாம் என்று தோன்றும். தரைக்குப் பச்சை, தட்டுகளுக்குச் சாம்பல், ஒவ்வொரு வயருக்கும் கடைப் பலகை எழுதும் அதே கையால் ஒரு நம்பர். ஆணித் தலையைக்கூட அவன் வெறுமனே விட்டதில்லை. இரண்டு மாதமாக விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாம் அதில்தான் ஓடின. ஆனால் பெரிய சுமையை இன்றுதான் ஏற்றப்போகிறார்கள்.

வானம் மூடிக்கொண்டிருந்தது. "நல்லதுதான். இன்னிக்கு பேட்டரிதான் இழுக்கணும். இதைத் தாண்டிட்டா எதையும் தாண்டும்" என்றான் கணவன். குரல் என்னவோ தைரியமாகத்தான் இருந்தது. சட்டையில் பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தான்.

ஒவ்வொன்றாக மெஷின்களைப் போட்டாள். ஆறு மோட்டார்களும் சேர்ந்து உறுமின. இஸ்திரிப் பெட்டியைப் போட்டாள். விளக்கு லேசாகக் கண் சிமிட்டியது. அவன் போய்க் கிணற்று மோட்டாரைப் போட்டான்.

பக்கத்து அறையில் இன்வெர்ட்டர் நீளமாக ஒரு கூவல் கூவியது. எல்லாம் நின்றது. மெஷின்களின் சக்கரங்கள் மட்டும் வேகம் குறைந்து, குறைந்து, ஓய்ந்தன.

"மாப்பிள்ளை, கல்யாணத்தன்னிக்கு உங்க மைக் செட்டும் இப்படித்தான் பாதியில நின்னுச்சு" என்றான் அண்ணன்.

"அது உங்க ஆளு கொண்டாந்த மைக் செட்டு, மச்சான்" என்று எங்கோ பார்த்துக்கொண்டு பதில் சொன்னான் கணவன். சொல்லிவிட்டு அறைக்குள் போய், பேட்டரியின் பிரேக்கர் சுவிட்சை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றான். அவள் பின்னாலேயே போனாள்.

"பேட்டரி தொண்ணூறு சதவீதம் இருக்கு. ஆனா இன்வெர்ட்டர் வோல்டேஜ் பத்தலைங்குது. கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டேன். மூணு தடவ போட்டேன்."

"தொட்டியில தண்ணி இருக்கு, குழாயில வரலை. அப்ப நடுவுல எங்கயோ அடைப்பு."

அவன் தலையைத் தொங்கப்போட்டான். "நீ சாவியக் குடுக்க வேணாம். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

அவள் மூக்கைச் சுருக்கினாள். அந்த அறையில் ஒரு வாசனை இருந்தது. பச்சைத் தரையின் பழைய பெயிண்ட் வாசனை இல்லை; சூடான, லேசாக இனிக்கிற வாசனை. ஆறு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அவள் துவைக்கிற சட்டைகளில் இருக்கும் வாசனை. சில வாரங்கள் நகரத்துக்குக் கிளம்பும்போது துவைக்காத சட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனதுண்டு. அதை அவனிடம் சொன்னதில்லை.

"என்னங்க, இங்க வார்னிஷ் எங்க அடிச்சீங்க?"

"இங்கயா? இங்க எதுக்கு வார்னிஷ்..." என்று ஆரம்பித்தவனின் கண் பேட்டரித் தட்டுகளில் போய் நின்றது.

மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் இணைக்கும் இரண்டு நீளமான செம்புப் பட்டைகள். மற்றவை கடையில் ஈயம் பூசியே வாங்கியவை; இந்த அளவு கிடைக்காததால் இவை மட்டும் அவனே தகட்டில் வெட்டித் தேய்த்தவை. அவள் விரலின் புறத்தை அருகில் கொண்டுபோனாள். இஸ்திரிப் பெட்டியோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்திய கை அது. தொடாமலே தெரிந்தது. பட்டை, போல்ட் இருக்கும் முனையில் மட்டும் கொதித்தது.

"செம்பு பச்சை பூத்துடும்னு..." அவன் குரல் உள்ளே போயிற்று. "ரெண்டு கோட்டு வார்னிஷ். முனை வரைக்கும். காஞ்சப்புறம்தான் மாட்டினேன்."

வார்னிஷுக்குள் மின்சாரம் எப்படிப் போகும்? போல்ட் கீறிய இடத்தில் கொஞ்சமாகப் போயிருக்கிறது. விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் அது போதும்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் வாயைத் திறந்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். பிறகு பொறுக்காமல், "நல்லவேளை மாப்பிள்ளை, என் தங்கச்சிக்கு ரெண்டு கோட்டு அடிக்காம விட்டீங்களே" என்றான். முதலில் சிரித்தது கணவன்தான்.

பட்டைகளைக் கழற்றி வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஆளுக்கொன்றாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். அவன் தேய்ப்பதை ஓரக்கண்ணால் பார்த்தாள். தன் வேலையைத் தானே சுரண்டி எடுக்கும்போதும் ஒரு கோடு கோணாமல் எடுத்தான். யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவனுக்கு? ஒரு வரி படிக்க நாலு கொட்டாவி விடுகிறவன், இரண்டு வருஷம் உட்கார்ந்து படித்து, ஒரு வீட்டையே தூக்கி நிறுத்தியிருக்கிறான். தப்பும் அவன் மாதிரியேதான் இருந்தது, பளபளவென்று.

மாட்டி முடித்ததும் பிரேக்கரை அவளையே ஏற்றச் சொன்னான்.

ஆறு மெஷின், இஸ்திரி, கிணற்று மோட்டார். விளக்கு அசையவில்லை. மேல்தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கால்மணி, அரைமணி. அவள் எழுந்துபோய் விரலின் புறத்தை முனையருகே கொண்டுபோனாள். சூடே இல்லை.

வெளியே வந்து, தலைப்பின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்துச் சாவியை அண்ணன் கையில் வைத்தாள்.

"போற வழியில வீட்டுக்கார அம்மாகிட்ட குடுத்துடு, அண்ணா."

"நல்லா யோசிச்சுக்கிட்டியா?"

"மேசைய இறக்கு."

அண்ணன் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். அவள் முதல் மெஷினில் உட்கார்ந்து, கையில் கிடைத்த துணியை ஊசிக்கடியில் வைத்து மிதித்தாள். கீழே திருப்பத்தில் பள்ளி வண்டி ஹாரன் அடித்தது. திறந்திருந்த கதவு வழியாகப் பேட்டரி அறை தெரிந்தது. கணவன் வார்னிஷ் டப்பாவும் பிரஷுமாக உள்ளே போனவன், பட்டைகளுக்கு முன்னால் நின்றான். அந்த வீட்டில் எதுவும் பூசப்படாமல் இருந்தவை அவை இரண்டும்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டப்பாவின் மூடியை உள்ளங்கையால் தட்டி மூடினான். மூடிய வானத்தின் மங்கல் வெளிச்சத்திலும் அந்தச் செம்பு, புதிதாகக் குளித்து வந்த குழந்தையின் தோள் மாதிரி, வெறுமனே மின்னிக்கொண்டிருந்தது.