வேலைநிறுத்தத்தில் உள்ளே போனவர்

எங்கள் ஊர்க் காகித ஆலையில் ஒரு காலத்தில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி, அதில் நின்றவர்களின் பேச்சைப் பதிவுசெய்து நூலகத்தில் வைக்க ஆசைப்பட்டேன். அதற்காக அமெரிக்காவின் மெயின் மாநிலப் பண்பாட்டு மன்றத்திடம் மானியம் கேட்டிருந்தேன். எனக்கு நூலகத்தில்தான் வேலை. என் அப்பா ரொசேர், அந்தக் குளிர்காலம் முழுக்க ஆலை வாசலில் நின்றவர்.

மன்றத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள்.

"நல்லா இருக்கு கொலெட். ஆனா வெளிய நின்னவங்க மட்டும்தானே பேசுறாங்க? உள்ள போய் வேலை பார்த்தவங்க எங்க? இது எல்லாரோட வரிப்பணம். அவங்களும் இருந்தாத்தான் குடுக்க முடியும்."

உள்ளே போனவர்களில் ஊரை விட்டுப் போகாமல் மிஞ்சியவர் ஆர்மண்ட் பெல்க்கி ஒருவர்தான். அவர் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விட வேண்டும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். பனி உருகிச் சேறாகிக் கிடந்த மார்ச் மாதத்தில் அவர் கதவைத் தட்டினேன்.

"ரொசேர் மகளா? வழி தவறிட்டியா?"

வந்த காரியத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"அரசாங்கம் காசு குடுத்தாத்தான் இந்த ஊர்ல எங்கூடப் பேசுவீங்களா?"

அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். ஏன் உள்ளே போனீர்கள் என்று கேட்டேன். மனைவிக்கு நோய், வீட்டுக் கடன் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்திருந்தேன்.

"பயம்மா. வேற ஒண்ணுமில்ல. மத்தவங்களுக்குத் தைரியம் இருந்துச்சு, எனக்கு இல்ல. நானும் உங்கப்பாவும் ஒரே இயந்திரத்துல வேலை பார்த்தவங்க, தெரியுமா? முதல் நாள் உள்ள போறப்ப வாசல்ல நின்னான். திட்டல, மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். திட்டியிருந்தா தேவலை."

மானியம் வந்தது. மே மாதம் மாதாகோவில் கூடத்தில் அப்பாவுடையது உட்பட எல்லாப் பதிவுகளையும் ஊருக்குப் போட்டுக் காட்டுவது என்றும், பிறகு அவரைப்பயறு விருந்து என்றும் ஏற்பாடு. அப்பா முறைத்தார்.

"அவன் பேசுறத நான் உக்காந்து கேக்கணுமாக்கும்?"

"வராட்டிப் போங்கப்பா. கேட்டுட்டு வந்து ஊரே உங்ககிட்ட சொல்லும்."

வந்தார். கடைசி வரிசையில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். ஆர்மண்டின் குரல் ஒலித்தபோது இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். அப்பா அசையவில்லை. முடிந்ததும் தட்டில் அவரைப்பயறை வாங்கிக்கொண்டு நேராக ஆர்மண்டின் மேசைக்குப் போனார். நான் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன்.

"யாருக்குடா தைரியம் இருந்துச்சு? தினமும் காலையில வாந்தி எடுத்துட்டுத்தான் நான் வாசலுக்கு வருவேன்."

ஆர்மண்ட் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா?"

"நீதான் உள்ள போயிட்டியே."

பிறகு ஆர்மண்ட் ரொட்டித் தட்டை அப்பா பக்கம் நகர்த்தினார்.

வீடு திரும்பும்போது வண்டியில் அப்பா கேட்டார்: "என் பேச்ச இன்னொரு தடவ பதிவு பண்ண முடியுமா? வாந்தி எடுத்தத நான் சொல்லவே இல்லியே."