மேல் தாங்கியில் நாலு விரல்

1

இந்தக் கதை ஓர் ஈர்க்கிலிருந்து வந்தது. போன கிழமை பழைய பெட்டியைக் கிளறியபோது அகப்பட்ட தென்னோலை ஈர்க்கு. மூக்கில் வைத்தால் இன்னும் பெற்றோல் மண...

பொய். இத்தனை வருடத்துக்கு எந்த மணமும் நிற்காது. எழுதுகிறவன் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். நான் நம்புவதில்லை.

2

தொடக்கம், முதல் தரம்: "அறுபத்தோராம் ஆண்டு, மாசி மாதத்து இளவெயிலில் மல்லாவிச் சந்தை..." வேண்டாம். வெயில் யாருக்கு வேணும்?

இரண்டாம் தரம்: துணுக்காயில் ஏரம்பு என்றொருவன் பழைய பிக்கப் ஒன்றில் நெல் ஏற்றி வவுனியாவுக்கு ஓடினான். நடுவழியில் பெற்றோல் கிடையாது. காட்டுக்குள் நின்றுபோனால் யானையோடுதான் கதைக்கவேண்டும். ஆகவே மல்லாவியில் தகர வேலை செய்த மீராசாகிபு, வண்டியின் பின்பெட்டியில் உயரமாக இன்னொரு பெற்றோல் தாங்கி வைத்துக் கொடுத்தார். அதிலிருந்து ஒரு குழாய், கீழே வண்டியின் சொந்தத் தாங்கிக்கு இறங்கும். நடுவில் திருகிப் பூட்டுகிற பைப்பு. திறந்தால் எண்ணெய் தானாகக் கீழே ஓடும்.

மூன்று நாள் வேலை. மூன்று நாளும் ஏரம்பு பக்கத்தில் குந்தியிருந்தான். மீராசாகிபை அவன் 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

"காவலோ அண்ணை?"

"இல்லை நானா, சும்மா கதைக்க."

இரண்டும் உண்மை. மத்தியானம் மீராசாகிபின் மனைவி ஸக்கியா அனுப்பும் சோற்றையும் மீன்கறியையும் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். பிறத்தியார் வீட்டில் தண்ணீர்கூட வாங்காத ஏரம்பு!

[இந்தத் தட்டைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். கிழித்த பிறகும் கறி மணக்கிறது. இது பொய்யில்லை.]

3

வேலை முடிந்த அன்று, மேல் தாங்கியில் பெற்றோல் ஊற்றி, பைப்பைத் திறந்து பார்த்துப் பூட்டி, ஈர்க்கு விட்டு அளந்து, நகத்தால் அடையாளமும் வைத்துவிட்டு ஏரம்பு சந்தைக்குள் போனான். வந்து அளந்தால் நாலு விரல் குறைவு.

"நானா, ஆர் வடிச்சது?"

"ஆர் வடிக்கிறது? கீழ்த் தாங்கிக்கும் ஈர்க்கை விட்டுப் பாருங்கோ அண்ணை."

"கதையை மாத்தாதை! நான் திண்ட மீனுக்கு இதுவோ விலை?"

சந்தை திரும்பிப் பார்த்தது. மீராசாகிபு ஈர்க்கைத் துடைத்து நீட்டினார். "இதையும் கொண்டுபோங்கோ. பிறகு இதுவும் களவு போச்சுதெண்டுவியள்."

4

(ஏரம்புவை இந்த இடத்தில் கொஞ்சம் நல்லவனாக்கப் பார்த்தேன். மசியவில்லை.)

வீட்டுக்கு வந்துதான் கீழ்த் தாங்கிக்கு ஈர்க்கு விட்டான். கழுத்துவரை எண்ணெய். பைப்பை இறுக்கிப் பூட்டாமல் விட்டது அவனுடைய கைதான்.

மனைவி நாகேஸ்வரி குசினியிலிருந்து கேட்டா: "என்னப்பா, கள்ளன் பிடிபட்டானோ?"

"ஓம்."

5

முடிவு. ஏரம்பு போய் மன்னிப்புக் கேட்டான் என்று ஒன்று எழுதினேன். அவன் வாயில் அந்தச் சொல் ஒட்டவில்லை. மீராசாகிபு எல்லாவற்றையும் மறந்து சிரித்தார் என்று இன்னொன்று. அவரை யாரென்று நினைத்தேன்?

எழுத முடிந்தது இவ்வளவுதான்: எட்டாம் நாள் காலை, பட்டறைக்கு முன்னால் பிக்கப் வந்து நிற்கிறது. ஏரம்பு இறங்கவில்லை. எஞ்சின் ஓடுகிறது. மீராசாகிபு தகரத்திலிருந்து தலை நிமிராமல் சொல்கிறார்:

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ அண்ணை. எண்ணெய் வீணாப் போகுது."

நிறுத்தினால் இறங்கவேண்டும். இறங்கினால் சொல்லவேண்டும். எஞ்சினை நிறுத்தும் திறப்பில் என் கை... ஏரம்புவின் கை இருக்கிறது.

நிறுத்தட்டுமா? ஆறுதலாக யோசித்துச் சொல்லுங்கள். இரண்டு தாங்கியும் நிறைய இருக்கிறது.