மாஹிர் சட்டையில் வந்த பூச்சிகள்

“அது நம்ம ஊர்ப் பாம்புத்தலைப் பூச்சி மச்சி! மழை பெஞ்சா பசுந்தாங் பேட்டை முழுக்கப் பறக்கும். அதை வச்சா அண்ணன் மௌத்தாகலைங்கிறீங்க?”

“பூட்டி வந்த பெட்டிக்குள்ள, மடிச்ச சட்டையில எப்படித் தம்பி முட்டை வச்சுச்சு?”

பர்கத்துல்லாவும் அவன் அண்ணன் மனைவி சஜிதாவும்தான். கதவு திறந்திருந்தது, படியில் நின்ற கீழ்வீட்டுக்காரர்கள் எங்கள் காதையா மூட முடியும்?

சஜிதாவின் புருஷன், கப்பல்காரன் மாஹிர் சிங்கப்பூர் அருகே கடலில் விழுந்து இறந்து நான்கு மாதமாயிற்று, பெட்டி அதுவரை அங்கே கப்பல் ஆபீசில் கிடந்தது என்று சொல்லி, அவன் கூட்டாளி சுலைமான் அதைக் கொண்டுவந்து வைத்தான். சட்டைக் காலரில் வரிசையாக முட்டைகள். ஐந்தாம் நாள் பொரிந்தன. சஜிதா அழவில்லை, விதவைக்குரிய இத்தாவும் இருக்கவில்லை. புழுக்களுக்கு ஆமணக்கு இலை பறித்துப் போட்டாள். நடுப்பகலில் அவை மெல்லும் சத்தம், அறைக்குள் யாரோ ஈரச் செருப்போடு நடப்பதுபோல் எங்களுக்கே கேட்டது.

அண்ணனுக்கு ஃபாத்திஹா ஓதி முடித்து, மச்சியைத் தானே கட்டிக்கொள்ளக் காத்திருந்த பர்கத்துல்லாவுக்கு, புழுக்கள் கூடு கட்டி இன்று முதல் பூச்சி வெளிவந்ததும் பொறுமை போயிற்று.

பல்கலைக்கழகத்தை மூடிவிட்டதால் வேலையற்றிருந்த விலங்கியல் வாத்தியார் ராகவன் சயா புத்தகத்தோடு மேலே வந்தார். கூட்டை உடைத்து வெளிவந்த பூச்சி கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு இறக்கையிலும் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு சன்னல். அதன் வழியே அந்தப் பக்கம் நின்ற சஜிதாவின் கண் எங்களைப் பார்த்தது.

“பாம்புத்தலை இதைவிடப் பெருசு. அதோட புழு மாவு பூசினாப்புல வெள்ளையா இருக்கும், இது பச்சை. இது தென் அமெரிக்கப் பட்டுப்பூச்சிம்மா. பிரேசில் பக்கம். பாவம், வாயே கிடையாது.” சற்றுத் தயங்கினார். “முட்டை ரெண்டு வாரத்துக்கு மேல பொரியாம இருக்காது. நாலு மாசம் சிங்கப்பூர்ல கிடந்த பெட்டி இல்லை இது.”

சுலைமானை வரவழைத்தார்கள். பூச்சியைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டான்.

“அவன்தான் சொல்லச் சொன்னான் தங்கச்சி. பிரேசில்ல ஒருத்தியோட இருக்கான். செத்துட்டேன்னு சொல்லிடு, அவளுக்கு அதுதான் நல்லதுன்னான். பெட்டியை அங்கேயிருந்து பிளேன்ல கொண்டாந்தேன்.”

 சஜிதா எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் திரை இழுத்தாள். வெள்ளை உடுத்தி அன்றே இத்தாவில் உட்கார்ந்தாள்: உயிரோடிருப்பவனுக்கு முழுசாக நான்கு மாதம் பத்து நாள். செத்தவர்களுக்கு ஓதும் யாசீனை தினமும் அவன் பேருக்கு ஓதினாள். செத்து விழுந்த பூச்சிகளைக் கூட்டவே இல்லை. நாங்களும் அந்தக் கதவைத் தாண்டும்போது வேகமாகத்தான் நடந்தோம்.

இத்தா முடிந்த மறுநாள் ஆற்றுக்கு அக்கரையில் டாலாவுக்குக் குடிபோனாள். பர்கத்துல்லா கியாக்தான் ஊரில் பெண் கட்டினான்; நிக்காஹுக்கு எங்களையெல்லாம் அழைத்தான், மச்சியை மட்டும் அழைக்கவில்லை.