ரப்பர் பேண்ட் போடாத கூந்தல்

“ரெண்டு சாண்னுதானே சொன்னே? கழுத்தோட நறுக்கிட்டியே!”

“லைவ்ல எல்லாரும் இன்னும், இன்னும்னு போட்டாங்க அண்ணி.”

“தலை அவங்களோடதா?”

நியாயமான கேள்விதான். எதிர்வீட்டில் நான் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன், காற்றுக்காகத்தான்.

அந்த வீட்டில் அண்ணன், அண்ணி, கல்யாணமாகாத நாத்தனார் என்று மூன்று பேர். நாத்தனார் முன்னறையில் பார்லர் நடத்துகிறாள். நோயில் முடி கொட்டிப்போன குழந்தைகளுக்கு விக் செய்ய முடி கொடுங்கள் என்று ஃபேஸ்புக்கில் ஆரம்பித்தாள். முதல் ஆளாக அண்ணி உட்கார்ந்தாள். இடுப்பைத் தாண்டிய கூந்தல். அதைப் பற்றி அவள் அடக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. நாத்தனாருக்குக் கை கத்தரியில், கண் கமெண்டில். அண்ணி “போதும்” என்றது தெருவுக்கே கேட்டது, அவளுக்குத்தான் கேட்கவில்லை.

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. முன்பின் தெரியாத பெண்கள் சடை சடையாகத் தபாலில் அனுப்பினார்கள். யாரோ ஒரு பெண் அண்ணியைப் படமாக வரைந்து போட, அதைப் பார்த்த ஒரு தையல் குழு குழந்தைகளுக்குத் துணித்தொப்பி தைக்க இறங்கியது. அண்ணியின் கோபமும் இறங்கியது. கடையில் நாலு பேர் அடையாளம் கண்டு சிரித்தால் யாருக்குத்தான் இறங்காது?

“என் முடி எந்தக் குழந்தை தலையில இருக்கு? ஒரு போட்டோ கேளேன்” என்பாள் சாப்பிடும்போதெல்லாம். கேட்டிருப்பதாகத் தட்டைப் பார்த்துச் சொல்வாள் நாத்தனார்.

அது எந்தத் தலைக்கும் போகவில்லை. விக்குக்கான முடியை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிய பிறகுதான் வெட்ட வேண்டும்; வேரெல்லாம் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லித்தந்தவள், வீடியோவில் அருவி மாதிரி விழட்டும் என்று அண்ணியின் முடியை மட்டும் அவிழ்த்துவிட்டு வெட்டினாள். வேரும் நுனியும் கலந்துபோனதால் விக் செய்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். பொட்டலம் டவல் அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. கமெண்டில் யாராவது ‘தங்க மனசு’ என்று போட்டால் நாத்தனார் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அண்ணி கேட்காமலேயே அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். இதெல்லாம் பிறகு அவளே என்னிடம் சொன்னது. சொல்லும்வரை நான் விடவில்லை.

அந்தக் குழந்தைகள் இருக்கும் ஆஸ்பத்திரி வார்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அண்ணி ஒருநாள் பையோடு கிளம்பினாள். நாத்தனார் வாசலில் மறித்துப் பொட்டலத்தை நீட்டினாள்.

“எதுக்கும் ஆகாதுன்னுட்டாங்க அண்ணி. என் தப்புதான். அப்பவே தெரியும்.”

சண்டைக்குத் தயாராக இருந்த எனக்கு ஏமாற்றம். அண்ணி பொட்டலத்தைப் பிரித்து, ஒருமுறை தடவி, மூடினாள். பிறகு பார்லர் நாற்காலியைக் காட்டினாள்.

“போனைப் போடு. எனக்குச் சொன்னதை அவங்களுக்கும் சொல்லு.”

நாத்தனார் லைவில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அண்ணி அவள் சடைக்கு இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் போட்டாள்.

“ஆடாதே. இதாவது ஒழுங்கா போய்ச் சேரட்டும்.”

பாதிப் பேர் திட்டினார்கள், பாதிப் பேர் அழுதார்கள், இன்னும் நிறையச் சடைகள் வந்தன. விக் செய்பவர் இந்தச் சடையை மட்டும் நேரில் வந்து வாங்கிப் போனார். தபால் என்று ஒன்று இருக்கிறதே என்று எனக்கு அப்போதே தோன்றியது.

மறுவருஷம் நாத்தனார் அவரைத்தான் கட்டிக்கொண்டாள். அண்ணனுக்கு மாற்றலாகி அண்ணியும் வேறு ஊர் போனாள். சாமானெல்லாம் வண்டியில் ஏறியபின் அந்தப் பொட்டலத்தைத் தேடினாள், அலமாரியில் இல்லை. நாத்தனார் கல்யாணப் பெட்டியில் பட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறாள். வேலைக்கு ஆகாத முடியை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் பெட்டியை மூடிப் பூட்டிவிடுகிறாளாம். அவள் புருஷனே என்னிடம் சொன்னார்.