அவள் அதை எப்படிச் சொன்னாள்

கேக் கடையில் அலங்கார வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு ‘நடுவர்’ என்று பெயர் வைத்தது அவள் கணவன்தான். எந்தப் படம் பார்த்தாலும், முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும்போதே தீர்ப்பு சொல்லிவிடுவாள். “கதாநாயகனுக்கு மூளை இல்ல. அவன் தங்கச்சிக்கு இருக்கு, ஆனா அவளுக்கு வசனம் இல்ல.” அதோடு விடமாட்டாள். மறுநாள் பல் துலக்கும்போது வாயில் நுரையோடு மேல்முறையீட்டையும் அவளே நடத்துவாள். கணவன் தபால் வண்டி ஓட்டுபவன். தொடரின் முகப்புப் பாட்டு முடிவதற்குள் அவனுக்குக் கண் சொருகிவிடும். ஆகவே அவள் தீர்ப்புகளைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை.

கைப்பேசியில் ஆள் கிடைத்தது. அப்போது வாரம் ஒரு நாள் மாலையில் ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. படகு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றும் அதை நடத்தும் அக்காவும், பல வருடம் கழித்துத் திரும்பி வந்த தம்பியும், இருவருக்கும் நடுவில் ஒரு குடும்ப வக்கீலும்தான் கதை. அந்தத் தொடரை விரும்பிப் பார்ப்பவர்கள் சேர்ந்து வைத்திருந்த குழுவில் அவள் நடுவர் என்ற பெயரிலேயே சேர்ந்தாள். ஒவ்வொரு வாரமும் தொடர் முடிந்ததும் சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்து, நடந்ததையும் தன் கருத்தையும் சேர்த்துக் குழைத்து நீளமாக எழுதிப் போடுவாள். பாராட்டும் சண்டையும் தாராளமாக வரும். இரண்டுமே அவளுக்குப் பிடிக்கும்.

அங்கேதான் நாற்காலி என்ற பெயரில் ஒருவர் வந்தார்.

முதலில் அவள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு வாரம், “வக்கீல் இன்றைக்கும் தேன் ஒழுகப் பேசி அக்காவை ஏமாற்றினார். இந்த மனுஷன் சிரித்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது” என்று எழுதியிருந்தாள். நாற்காலி கீழே பதில் போட்டார்: “ஏமாத்துறவர் ஏன் பயப்படுறாரு? அக்கா உள்ள வரும்போதெல்லாம் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பாத்துக்குறாரே, கவனிச்சீங்களா நடுவரே?”

சட்டைப் பொத்தானா? யார் அதையெல்லாம் பார்ப்பார்கள்? மறுநாள் கடையில் கிரீம் பையைப் பிழிந்து ரோஜா மொட்டு போட்டுக்கொண்டிருந்தபோது அது நினைவில் உறுத்தியது. வீட்டுக்கு வந்து பழைய பகுதிகளை ஓட்டிப் பார்த்தாள். அக்கா வாசலில் தோன்றுகிறாள். வக்கீலின் கை மெல்ல மேலே போய்க் கழுத்துப் பொத்தானைத் தொடுகிறது. அடுத்த பகுதியிலும் அப்படியே.

“என்னங்க, இங்க பாருங்களேன்.”

“பாத்துட்டேன்,” என்றான் கணவன், கண்ணைத் திறக்காமல்.

அதன் பிறகு நாற்காலி என்ன எழுதினாலும் அவள் முதலில் அதைத்தான் தேடிப் படித்தாள். தம்பி அக்காவை வெறுக்கவில்லை, அவள் பக்கத்தில் உட்கார இடம் தேடிக்கொண்டே இருக்கிறான் என்றார் ஒரு முறை. இன்னொரு முறை, பட்டறையில் வேலை செய்யும் தச்சர் நொண்டுவது நடிப்பு, வாரத்துக்கு ஒரு கால் மாறுகிறது என்றார். அது நடிகரின் தவறு என்று குழுவே சேர்ந்து சிரித்தது. இந்த மனிதர் பார்ப்பது நான் பார்க்கிற அதே தொடர்தானா என்று அவளுக்குக் குறுகுறுப்பாக இருந்தது. கதையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார். ஆனால் ஆட்களை என்னவோ பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி தெரிந்துவைத்திருந்தார்.

பிறகு ஒரு வாரம் நாற்காலி கேட்டார்: “இவங்க அப்பா வெளியூர்லேருந்து எப்போ வரப்போறாரு? அவர் வந்தா எல்லாம் சரியாயிடும்.”

அப்பா செத்துப் பல வாரம் ஆகியிருந்தது. குழு விழுந்து விழுந்து சிரித்தது. வரணும்னா மேலேருந்து இறங்கித்தான் வரணும் என்று ஒருவர் எழுதினார். நடுவரும் தன் பங்குக்கு, “நாற்காலி தொடரைப் பார்க்கிறதா, இல்லை தொடர் நாற்காலியைப் பார்க்கிறதா?” என்று போட்டாள். சிரிக்கிற முகங்கள் குவிந்தன.

அடுத்த வாரம் நாற்காலி வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை.

தன் பதிவுக்குக் கீழே வந்த பாராட்டுகளை அவள் ஆர்வமில்லாமல் படித்தாள். ஒரு மனிதர் வக்கீலின் கழுத்துப் பொத்தானைக் கவனிக்கிறார், ஆனால் அப்பா செத்ததைக் கவனிக்கவில்லை. அது எப்படி முடியும்? விடுமுறை நாள் மதியம் அந்தச் சாவு வந்த பகுதியைத் தேடி எடுத்து ஓடவிட்டாள். அதே நேரம் சமையலறையில் கணவன் மிக்சியைப் போட்டான். வீடே அதிர்ந்தது.

திரையில் அக்கா ஜன்னலோரம் போனில் பேசினாள். ஏதோ கேட்டாள். ஏதோ சொன்னாள். போனை வைத்துவிட்டு, மேஜையில் கிடந்த உளியை எடுத்து மாட்ட வேண்டிய இடத்தில் மாட்டினாள். அழவில்லை. அடுத்த காட்சியில் எல்லோரும் படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மிக்சி நின்றது. அவள் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள். “எப்போ?” என்று கேட்டாள் அக்கா. “சரி, நானே தம்பிகிட்ட அப்பா போயிட்டாருன்னு சொல்லிக்கிறேன்.” இவ்வளவுதான். சாவு வீடு இல்லை, மாலை இல்லை, கறுப்பு உடை இல்லை. சாவு முழுவதும் காதில்தான் நடந்திருந்தது.

அன்றைக்குத் தான் எழுதிய பதிவையும் தேடிப் படித்தாள். அக்காவின் கல்மனதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அப்பா இறந்துபோனார் என்ற ஒரு வரி எங்கேயும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டிருந்தாள்.

நாற்காலிக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். “அன்னிக்கு நான் போட்டது தப்பு. மன்னிச்சுக்குங்க. ஒண்ணு கேக்கலாமா? நீங்க வேற ஏதாவது வேலை செஞ்சுக்கிட்டே பாப்பீங்களா?”

பதில் உடனே வந்தது.

“இல்லங்க. கண்ணு முழுசா அங்கதான் இருக்கும். காதுதான் இல்ல.”

அவர் கட்டட வரைபடம் வரைபவர். சில வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பது குறைந்து, இப்போது சுத்தமாக நின்றுவிட்டது. மற்ற தொடர்களில் கீழே எழுத்து ஓடும், இதில் ஓடவில்லை. ஆனால் படகுகள் பிடித்துப்போனதால் விட மனமில்லை. “உங்க பதிவைப் படிச்சாதான் அவங்க என்ன பேசினாங்கன்னே எனக்குத் தெரியும்” என்று எழுதியிருந்தார். “ஆனா உங்க பதிவுல பேச்சு எது, உங்க கோபம் எதுன்னு பிரிக்கிறதுதான் பெரிய வேலை. கல்லு பொறுக்குற மாதிரி.”

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. பிறகு சிரிப்பும் வந்தது. என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

“அவங்க சொன்னதை மட்டும் எழுதுங்க. ஆள் எப்படின்னு நான் பாத்துக்கிறேன்.”

அது இவ்வளவு கஷ்டம் என்று அவள் நினைக்கவே இல்லை. முதல் முறை, “வக்கீல் நைசாக, கையெழுத்துக்கு அவசரமில்லை என்றார்” என்று எழுதி அனுப்பினாள். அவர் திருப்பிக் கேட்டார்: “‘நைசாக’ன்னு அவர் சொன்னாரா?” அழித்தாள். “அக்கா பாவம்போல, எனக்கு யாரும் வேண்டாம் என்றாள்.” “பாவம்போல யாருடையது?” அழித்தாள். அவள் கையிலிருந்து எந்த வாக்கியம் போனாலும் அதன் ஓரத்தில் கிரீம் பூ ஒன்று தானாக முளைத்துவிடுகிறது. சுரண்டிச் சுரண்டி எடுத்தாள்.

சில வாரங்களில் கை பழகியது. குழுவுக்கு வழக்கம்போலத் தீர்ப்பு எழுதினாள். நாற்காலிக்கு வெறும் பேச்சை மட்டும் அனுப்பினாள். அப்படி அனுப்பியதை எல்லாம் ஒருநாள் கடையில் டீ குடித்துக்கொண்டே மேலிருந்து படித்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வக்கீல் இதுவரை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அக்காதான் வக்கீலிடம் ஒன்றும் தம்பியிடம் வேறொன்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் இது அவள் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. வக்கீலின் குரல் பிடிக்காததால் அவர் சொன்னதை அவள் கேட்கவே இல்லை.

“நீங்க சொன்ன மாதிரிதான் இருக்கு. வக்கீல் கெட்டவர் இல்ல போல,” என்று எழுதினாள்.

“நான் எப்போ அவர் நல்லவருன்னு சொன்னேன்? பயப்படுறாருன்னுதானே சொன்னேன்” என்று பதில் வந்தது. மனுஷனிடம் ஜெயிக்கவே முடியாது.

கடைசிப் பகுதி வந்தபோது அவரையும் அவர் மனைவியையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். நல்ல உயரமாக, சட்டைப் பையில் பென்சிலோடு வந்தார். பேச்சு தெளிவாக இருந்தது, ஏற்ற இறக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு. மனைவி நீச்சல் சொல்லித்தருபவர். குளத்தின் அந்தக் கரைக்குக் கேட்க வேண்டிய குரலில்தான் வீட்டுக்குள்ளும் பேசினார்.

“எனக்கும் சீரியலுக்கும் ஆகவே ஆகாதும்மா. யாராவது அழுதா தண்ணில தள்ளிவிடணும் போல இருக்கும். இவர் என்ன பேசினாங்கன்னு என்னைத்தான் கேப்பாரு. நான் ரெண்டே வரில முடிச்சிடுவேன். சண்டை போட்டாங்க, சமாதானமாயிட்டாங்க. அவருக்கு அது பத்தாது.”

“எனக்கு அது போதும்,” என்றான் நடுவரின் கணவன் மரியாதையோடு.

நடுவர் மடியில் கணினியை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் யார் பேசினாலும் அவள் விரல் ஓடியது. அவர் பார்வை அவள் எழுத்துக்கும் திரைக்கும் போய்ப் போய் வந்தது. பட்டறையைத் தம்பி பெயருக்கு மாற்றச் சொல்லி அப்பா கடைசியாகக் கேட்டிருந்ததும், அதை மறைக்கச் சொல்லி அக்கா வக்கீலை மிரட்டியிருந்ததும் வெளியே வந்தன. வக்கீல் தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் கை பொத்தானுக்குப் போகவில்லை. வரைபடக்காரர் நடுவரின் தோளைத் தட்டி அதைக் காட்டினார். அவள் தலையாட்டிக்கொண்டே தட்டினாள். “நல்லா வேணும் அவளுக்கு” என்று விரல் நுனிவரை வந்ததை உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

தம்பி கோபப்படவில்லை. பட்டறை எனக்கு வேண்டாம் என்றான். பையை எடுத்துக்கொண்டு, தான் பழுதுபார்த்த சின்னப் படகில் ஏறினான். கரையில் அக்கா நின்றாள். கேமரா அவளுக்குப் பின்னால் இருந்தது. அவள் முதுகும், காற்றில் அலையும் முடியும், அதற்கப்பால் படகும் தெரிந்தன.

“போயிட்டு வா,” என்றாள்.

தொடர் முடிந்தது. நடுவர் தட்டினாள்: போயிட்டு வா.

வரைபடக்காரர் அதைப் படித்தார். திரையைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

“எப்படிச் சொன்னா?” என்று கேட்டார்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

“முகத்தைக் காட்டலையே. முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. திரும்பி வந்துடுன்னு சொன்னாளா, இல்ல தொலைஞ்சு போன்னு சொன்னாளா? எப்படிச் சொன்னா?”

இத்தனை மாதமும் உன் கருத்தை எடுத்துவிட்டுக் கொடு என்று கேட்டவர். வாய் வரை தயாராக நிற்கும் தீர்ப்பைத் தேடினாள் நடுவர். இல்லை. பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். நால்வரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

“கோபம்,” என்றான் கணவன். கடைசி வரை அவன் விழித்திருந்ததை அப்போதுதான் அவள் கவனித்தாள். “பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்றா.”

“கோபமா? அப்பாடா, விட்டுதுன்னு சொல்றாப்பா,” என்றார் நீச்சல்காரர். “நான் தினமும் கேக்குற குரல் அது. பிள்ளைங்களைக் கரையேத்தி அனுப்பும்போது எனக்கே அப்படித்தான் வரும்.”

“இல்ல,” என்றாள் நடுவர். “கெஞ்சுறா. அந்த ‘வா’வைக் கொஞ்சம் இழுக்குறா, கேளுங்க.”

மறுபடி போட்டார்கள். இன்னொரு முறையும். அவரவர் கட்சியில் அவரவர் இன்னும் உறுதியானார்கள். நடுவர் மூன்றையும் யார் சொன்னது என்று சேர்த்துத் தட்டிக் காட்டினாள். வரைபடக்காரர் படித்துவிட்டு முதலில் வாயைப் பொத்தினார், பிறகு அடக்க முடியாமல் சிரித்தார்.

“காது கேக்குற மூணு பேருக்கும் மூணு விதமாவா கேக்குது? நான் என்னமோ எனக்கு மட்டும்தான் தெரியலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்!”

பிறகு எழுந்து மூவருக்கும் முதுகைக் காட்டுவதுபோல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். “போயிட்டு வா,” என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு விதமாகச் சொன்னார். மூன்றாவது முறை குரலை எங்கோ ஆழத்திலிருந்து எடுத்தார். திரும்பி, “எது?” என்றார்.

“ரெண்டாவது!” என்றார் அவர் மனைவி.

“முதல்ல சொன்னது,” என்றான் கணவன்.

“நீங்க மூணையும் ஒரே மாதிரிதான் சொன்னீங்க சார்,” என்று தட்டினாள் நடுவர். அதைப் படித்து அவர் இன்னும் சிரித்தார். இன்னொரு முறை முயன்று பார்த்தார். இந்த முறை ‘வா’ நிஜமாகவே இழுபட்டது. அவள் திரையை எட்டிப் பார்க்காமல், அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அங்கே நின்றபோது கை எங்கே இருந்தது என்று யோசித்தாள். யோசித்ததும் ஓட்டிப் பார்த்தாள். அக்காவின் வலது கை பாவாடை மடிப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அதை அதுவரை யாருமே பார்த்திருக்கவில்லை, வரைபடக்காரர்கூட.

அந்த வாரம் குழுவில் நடுவர் தீர்ப்பு எழுதவில்லை. அக்கா சொன்ன வார்த்தைகளையும், அவள் கை இருந்த விதத்தையும், நான்கு பேர் கேட்டதையும் பார்த்ததையும் எழுதி, உங்களுக்கு எப்படிக் கேட்டது என்று முடித்தாள். பதில்கள் வந்துகொண்டே இருந்தன. நடுவருக்கு உடம்பு சரியில்லையா என்றுகூட ஒருவர் விசாரித்தார்.

அடுத்த மாதம் புதிய தொடர் தொடங்கியது. ரயில்நிலையக் கடிகாரம் பழுதுபார்க்கும் குடும்பம் ஒன்றின் கதை. இதில் கீழே எழுத்து ஓடுகிறது. முதல் பகுதி முடிந்ததுமே வரைபடக்காரரிடமிருந்து செய்தி வந்தது: “வார்த்தை எல்லாம் எனக்கே வந்துடுச்சு. இப்போ நீங்க உங்க கோபத்தை அனுப்பலாம்.”

அவள் கால்களை மடக்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் கணவன் கண்ணை அகல விரித்துக்கொண்டு, கடிகாரக் குடும்பத்து மாமனார்மேல் தனக்குச் சந்தேகம் என்றான்.