இருவர் பார்த்த நட்சத்திரம்

என் கணவர் சுகுமாரனுக்குப் பொய் சொல்லவே வராது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். என் அம்மா இன்றைக்கும் சொல்கிறார். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவருக்கு இங்கே மலேசியாவில் தஞ்சோங் மாலிம் பக்கத்தில் கார் தொழிற்சாலையில் வேலை. நாலைந்து பேரோடு வாடகை வீட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். நான் கோப்பெங்கில் இருக்கிறேன். ரப்பர் தோட்டத்தை விற்றபோது, தொழிலாளர் லயத்துக்குப் பதிலாகப் புதுக் குடியிருப்பில் கொடுத்த தாமான் வீடு. பகலில் ஈப்போவில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரு விளக்குகூடக் கிடையாது. பாம்பு வருகிறது என்று அக்கம்பக்கத்தில் புலம்புவார்கள். எனக்கோ அந்த இருட்டுதான் வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரு நட்சத்திரத்தைக் காவல் காத்தோம். விருச்சிகத்தில், தேளின் வாலுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. பார்க்க ஒன்று, உண்மையில் இரண்டு. ஒன்று செத்துச் சுருங்கிப்போனது. மற்றது அதை ஒட்டியே சுற்றிச் சுற்றி வந்து, தன் உடம்பையே அதற்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது. ஊட்டியதெல்லாம் செத்ததைச் சுற்றித் தட்டு மாதிரி சேரும். சேர்ந்து சேர்ந்து தாங்க முடியாமல் ஒருநாள் குப்பென்று எரியும். சில நாள் பளிச்சென்று தெரிந்துவிட்டுப் பழையபடி மங்கிவிடும். அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. மற்ற நாட்களில் எங்கள் தொலைநோக்கிக்கு அந்த இடத்தில் வெறும் கறுப்புதான்.

வெறும் கறுப்பைப் பார்க்க எதற்கு தினமும் வெளியே போகிறாய் என்று என் அக்கா கேட்பாள். கறுப்பாக இருக்கிறது என்று சொல்வதும் வேலைதான். கடைசியாக எப்போது எரியாமல் இருந்தது என்று தெரிந்தால்தானே எப்போது எரியத் தொடங்கியது என்று ஆராய்ச்சிக்காரர்களால் சொல்ல முடியும்? அதனால் தேள் தெரிகிற மாதங்களில் வானம் திறந்திருக்கும் மாலையெல்லாம் பார்த்து, "தேடினோம், காணவில்லை" என்று அனுப்புவோம். எங்களைப் போல ஊர் ஊராக இருப்பவர்கள் அனுப்புவதெல்லாம் ஓர் இடத்தில் சேரும்.

தொடங்கிய புதிதில் நான் ஒரு தவறு செய்தேன். பக்கத்தில் இருந்த வேறொரு நட்சத்திரத்தை அதுவென்று நம்பி, எரிகிறது எரிகிறது என்று உலகத்துக்கே சொல்லிவிட்டேன். மானம் போனது. அப்போது சுகுமாரன் ஒரு விதி வைத்தார். ஆளுக்கொரு தொலைநோக்கியில் அவர் அங்கே பார்க்க வேண்டும், நான் இங்கே பார்க்க வேண்டும். ஒருவர் பார்த்ததை மற்றவருக்குச் சொல்லாமல், ஒன்பது மணிக்கு இருவரும் ஒரே நேரத்தில் வாட்சப்பில் ஒரு சொல் போட வேண்டும். இரண்டும் "ஆமா" என்றால்தான் ஆமாம். ஒருவர் "இல்ல" என்றாலும் இல்லைதான். இருவர் பெயரிலும் ஒரே குறிப்பாக அனுப்புவோம். விதி எனக்குப் பிடித்திருந்தது. வாரத்தில் ஆறு நாள் பிரிந்து கிடக்கிற எங்களுக்குச் சேர்ந்து செய்ய இருந்தது அது ஒன்றுதான். அந்த நேரத்தில் அவரும் அண்ணாந்து அதே இடத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தாலே மனசு நிறைந்துவிடும். குடும்பம் நடத்துவது என்பது அதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன், மடச்சி.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. மாலை மழை பெய்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. தொலைநோக்கியைத் திருப்பினேன். கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம். கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். பக்கத்தில் இருக்கிறதையெல்லாம் படத்தோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அதுவேதான்! ஒன்பது மணி ஆவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. "ஆமா" என்று போட்டேன். அதே நொடியில் அவரிடமிருந்து "இல்ல" வந்தது.

உடனே கூப்பிட்டேன்.

"என்னங்க, நல்லா பாத்தீங்களா? அங்க மேகமா?"

"மேகம்லாம் இல்ல லா. பளிச்சுன்னு இருக்கு. ஒன்னும் இல்ல."

"நா பாத்தேங்க. இன்னொரு தடவ பாருங்களேன்."

"பாத்துட்டேன் தினேஸ். திரும்பவும் பழைய மாதிரி மானம் போவணுமா? இல்லன்னு போட்டுட்டு தூங்கு."

என் கண்ணைவிட அவர் சொல்லை நம்பினேன். விதிப்படி "காணவில்லை" என்று அனுப்பினேன்.

மறுநாள் காலை செய்தி வந்துவிட்டது. நான் பார்த்த சில மணி நேரத்துக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவில் ஒருவர் பார்த்து உலகத்துக்குச் சொல்லியிருந்தார். போகட்டும், பெயர் யாருக்கு வந்தால் என்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோது ஜெர்மனியிலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பெண்மணி எங்கள் இருவருக்கும் நன்றி சொல்லி எழுதியிருந்தார். அன்று பல இடங்களில் மேகமாம். அந்த நேரத்தில் அங்கே எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொன்னது மலேசியாவின் குறிப்பு மட்டும்தானாம். சில மணி நேரத்துக்குள் இத்தனை வேகமாக எந்த நட்சத்திரமும் பிரகாசமாகித் தான் பார்த்ததில்லை என்றும், இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதப்போவதாகவும் சொல்லியிருந்தார். பாராட்டு எல்லாம் ஒரு பொய்க்கு.

நடந்ததை அப்படியே அந்தப் பெண்மணிக்கு எழுதினேன். எங்கள் விதியையும் எழுதினேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. நீங்கள் பார்த்தது சரியாகத்தான் இருக்க வேண்டும், தென்னாப்பிரிக்கக் குறிப்போடு பொருந்துகிறது. அப்படியானால் தெளிந்த வானத்தில் உங்கள் கணவருக்கு ஏன் தெரியவில்லை? இதற்கு முன்பும் நீங்கள் ஆமாம் என்று சொல்லி அவர் இல்லை என்று சொன்ன நாட்கள் உண்டா? அவருடைய பார்வையை எந்த நாளிலிருந்து நம்ப முடியாது என்று சொன்னால், அதற்கு முந்தியதை வைத்துக்கொள்ளலாம். சொல்ல முடியாவிட்டால் உங்கள் இருவர் பெயரில் உள்ள அத்தனையையும் ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கும், மன்னிக்கவும்.

அத்தனையையும்! கொசுக்கடியில் நின்று நின்று பார்த்தது, காய்ச்சலோடு பார்த்தது, அப்பாவின் கருமாதி முடிந்த அன்றும் பார்த்தது, எல்லாவற்றையும்.

அந்த ஞாயிறு ஓவர்டைம் இருக்கு, வரல என்று சுகுமாரன் செய்தி போட்டார். நான் ரயில் ஏறினேன். ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்தப் பெண்மணியின் இரண்டாவது கேள்வி உறைத்தது. ஆமாம், அப்படிப்பட்ட நாட்கள் இருந்தன. போன வருடம் ஒரு வாரம் எனக்கு மங்கலாக என்னவோ தெரிந்துகொண்டே இருந்தது. அவர் ஒவ்வொரு நாளும் "இல்ல". கண்ணைக் காட்டு தினேஸ், வயசாவுது என்றார். ஈப்போவில் கண்ணாடிக்கடைக்காரர் கண்ணில் ஒன்றுமில்லை என்று சொல்லியும் கேட்காமல் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டேன். என் கண்மேல் சந்தேகப்பட்டேனே தவிர, அவர்மேல் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

வாடகை வீட்டு வாசலில் அவரோடு தங்கியிருக்கும் பவித்ரன் என்கிற பையன் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான். "அண்ணே உள்ள இருக்காரு, வாங்கக்கா" என்றான். பின்கட்டில் தொலைநோக்கி நின்றது. நின்றது என்றா சொல்வது! அதன்மேல் ஈரக் கைலியும் பனியன்களும் காய்ந்துகொண்டிருந்தன. குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் இருந்த கண்ணாடி முழுக்கப் பூஞ்சை. அதன்மேல் ஒரு பல்லி செத்துக் காய்ந்து ஒட்டியிருந்தது.

"அக்கா, அது டெலஸ்கோப்பா?" பவித்ரன் பின்னால் வந்து நின்றான். "நா இந்த வீட்டுக்கு வந்தப்பலேந்து துணிதான் போடுறோம் லா. அண்ணே ஒன்னும் சொல்லல."

உள்ளேயிருந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வந்த சுகுமாரன் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பவித்ரன் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. வந்ததோ அழுகை. அதுவும் ஆத்திரத்தில் வந்த அழுகை.

"ஒன்பது மணியானா இல்ல, இல்லன்னு போட்டீங்களே. வாய் கூசல?"

"எப்பயும் இல்லதானே தினேஸ். நீ பாக்குற, நா வேற எதுக்கு பாக்கணும்? ஷிப்ட் முடிஞ்சு வந்தா ஒடம்பு தாங்கல. ஒங்கிட்ட சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான்..."

"நா ஆமான்னு சொன்னேனே. அன்னிக்காவது எந்திரிச்சு போயி பாத்திருக்கலாம்ல?"

"கண்ணாடி கெட்டுப்போச்சு. இதுல எங்க பாக்குறது?"

அந்தச் சண்டைக்கு நடுவிலும் அவர் பொட்டலத்தைக் கீழே வைக்கவில்லை. நான் மூக்கைச் சிந்திவிட்டு, கைப்பேசியில் அந்தக் கடிதத்தைத் திறந்தேன்.

"இங்க பாருங்க. எப்பலேந்து பாக்கலன்னு கேக்குறாங்க. மறைக்காம சொல்லுங்க. எப்பலேந்து?"

"தீபாவளிலேந்துதான்."

"எந்தத் தீபாவளி?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. காய்ந்துகொண்டிருந்த பனியனைப் பார்த்தார்.

"போன வருஷமா? அதுக்கு முந்தியா? இல்ல நாம இத ஆரம்பிச்ச வருஷமா? சொல்லுங்க. நீங்க ஒரு தேதி சொன்னா, அதுக்கு முன்னாடி உள்ளதாச்சும் நிக்கும். சொல்லலன்னா மொத்தத்தையும் அழிச்சிருவாங்க. நா பாத்ததையும் சேத்து."

"அப்ப அழிச்சிரச் சொல்லு லா" என்றார்.

அதைச் சொல்ல மட்டும் அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை.