தலை கிடைக்காத பிராணி

பால் செம்பைத் தவமலரின் கையில் திணித்துவிட்டு அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். எலும்பு பொறுக்கக் கிளம்பி வாசலில் நின்ற மாடசாமி சித்தப்பாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"பொம்பளப் புள்ள அங்கயெல்லாம் வரக்கூடாது அண்ணி. நம்ம பழக்கம் இல்ல."

உள்ளே அம்மா பாத்திரம் கழுவத் தொடங்கினாள். பேசாமலே காரியம் சாதிப்பதில் அம்மா பவளத்தை மிஞ்ச அந்தத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஆளில்லை. கடைசியில் தம்பி குகன்தான் வழி சொன்னான். அக்கா வரட்டும், ஆனால் லோரியை விட்டு இறங்க வேண்டாம்.

கோலா தெர்லாத் தோட்டங்களிலிருந்து குகன் முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும் லோரி. துக்க வீட்டிலிருந்து வந்தாலும் அதற்குக் கோஸ் வாசனைதான். செம்பை மடியில் வைத்துக்கொண்டு தவமலர் தேயிலைச் சரிவுகளைப் பார்த்தபடி வந்தாள். அப்பா சாம்பசிவம் ஆயுசு முழுக்கக் கொழுந்து வெட்டிய சரிவுகள். நேற்று அவள் வரும் வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மழைக்குப் பயந்து, அவளுக்காக இனிக் காத்திருக்க முடியாது என்று இங்கே இருந்தவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். அவள் வீட்டு வாசலை மிதித்தபோது அப்பாவுக்குத் தீ வைத்தாகிவிட்டது. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. அழுதவர்கள் எல்லோரும் பார்த்த முகம், பெற்ற மகளுக்கு இல்லாமல் போயிற்று.

சிங்கப்பூரில் ஓர் அருங்காட்சியகத்தில் அவளுக்கு வேலை. கல்லாகிப்போன டைனோசர் எலும்புகளைத் தூரிகையால் துடைத்து, ஒட்டி, வரிசைப்படுத்தும் வேலை. இப்போது அவள் மேசையில் இருப்பது கழுத்து நீண்ட, இலை தின்னும் பிராணி. முதன்முதலில் அதைச் சொன்னபோது, அவ்வளவு பெரிய உடம்புக்கு வெறும் இலையா என்று அப்பா நம்பவே இல்லை. பிறகு சிரித்தார்.

"அப்ப அது நம்ம ஆளு லா. நானும் எலைக்குள்ளயேதான கெடந்தேன்."

அன்றிலிருந்து போன் எடுத்தால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே இதைத்தான் கேட்பார்: "தல கெடச்சிருச்சா?"

கிடைக்கவில்லை. அந்த வகைக்குத் தலை கழுத்தில் லேசாகத்தான் ஒட்டியிருக்கும். செத்ததும் முதலில் கழன்று தண்ணீரோடு போவது அதுதான். எத்தனை முறை விளக்கியும் அப்பா விடவில்லை. தலையில்லாமல் அதை எப்படி நிறுத்தி வைப்பீர்கள், அதன் முகத்தை நான் பார்க்க வேண்டாமா என்பார். தலை கிடைத்ததும் வாருங்கள் அப்பா, காட்டுகிறேன் என்று அவளும் சொல்லி வைத்திருந்தாள்.

திரிங்காப் ஊரைத் தாண்டி, சுடுகாட்டுக் கொட்டகைக்கு வெளியே லோரி நின்றது. குகனும் சித்தப்பாவும் உள்ளே போனார்கள். சற்று நேரத்தில் சித்தப்பாவின் குரல் உயர்ந்தது. தீயைப் பார்த்துக்கொள்ளும் காளிமுத்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இரவு கூரை ஒழுகி நடுவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. எலும்பு நனைந்துவிடுமே என்று, நல்ல மனதோடு, மண்வெட்டியால் எல்லாவற்றையும் காய்ந்த மூலைக்கு அள்ளிப் போட்டுவிட்டார்.

படுத்த வாக்கிலேயே எரிந்து கிடந்தால் பொறுக்குவது சுலபம். காலில் தொடங்கித் தலையில் முடிக்க வேண்டும். இப்போது எல்லாம் ஒரே குவியல். சித்தப்பா குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"எது காலு, எது தலன்னே தெரியலயேடா. எங்கண்ணன எப்புடிடா தலகீழா அனுப்புறது?"

குகன் எழுந்து லோரிக்கு வந்தான்.

"அக்கா, செருப்பக் கழட்டிட்டு வா."

சித்தப்பா அவளைப் பார்க்கவில்லை. செம்பை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, விரித்திருந்த வாழையிலை ஓரத்திலிருந்து நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

தவமலர் குந்தி, குவியலுக்குள் விரலை விட்டாள். சாம்பல் ஆழத்தில் இன்னும் இளஞ்சூடு இருந்தது. குதிகால். முழங்கால் சில்லு, மேட்டில் ஏறும்போதெல்லாம் அவர் திட்டிக்கொண்டே தேய்த்துவிட்ட முழங்கால். இடுப்பு. முதுகு முள்ளெலும்புகள். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுக்க, குகன் வாங்கி இலையில் வைத்தான். கல்லான எலும்பு கனக்கும். தூக்க இரண்டு பேர் வேண்டும். அப்பா கனக்கவே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தோள் வரை வந்தபின் குவியலில் வெறும் சாம்பல்தான் மிஞ்சியது. அவள் நிறுத்தவில்லை. காளிமுத்து மண்வெட்டி போட்ட தடத்தைப் பிடித்துக்கொண்டே ஈரத்துப் பக்கம் தடவிப் போனாள். சுவரோரத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓடு ஒன்று தட்டுப்பட்டது. மேசையில் செய்வதுபோல் மெல்ல ஊதினாள். வளைந்த நெற்றி. அதன் கீழ்விளிம்பில், கண்ணுக்கு மேலே வரும் சிறு மேடு.

"கெடச்சிருச்சாக்கா?" என்று குகன் கையை நீட்டினான்.

"கெடச்சிருச்சு."

ஆனால் அவள் கொடுக்கவில்லை. அந்த மேட்டின்மேல் கட்டைவிரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நீவினாள். திரும்பவும் நீவினாள்.

பால் ஊற்றச் சித்தப்பா செம்பைத் தூக்கினார். அவளைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் அதைக் கீழே வைத்துவிட்டார்.